தங்கை பிடித்த நாடி

எண்பதுகளின் கடைசி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். என் கணவர் கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருந்தார். சென்னையில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்த என் தங்கை, லீவுக்கு வந்தவள், பஸ் ஓடாததால் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

கணவருக்கு வைரஸ் காய்ச்சல் வந்து, விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. ஆனாலும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "ஜுரத்துல கெடந்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று மாமியார் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார். நானும் அதையே நம்பினேன்.

ஒருநாள் காலை தங்கை அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். முகமே மாறிவிட்டது.

"அக்கா, ஜுரமே இல்ல, நாடி இன்னா ஓட்டம் ஓடுது பாரு. மச்சான் படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தா கம்மியாவுது. இது ஹார்ட்டு. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"படிச்சி முடிக்காத பொண்ணு பேச்சக் கேட்டு, மரம் வெட்டிப் போட்டிருக்கற ரோட்டுல போவணுமா?" மாமியாருக்குக் கோபம்.

"நீங்க வரலன்னா நானே இட்டுக்கினு போறேன் மாமி."

வாடகைக் காரில் அவரைப் படுக்கவிடாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தே கூட்டிப்போனாள். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் சாலையின் குறுக்கே புளியமரம் கிடந்தது. பெரிய கூட்டம். நான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் இறங்கி நேராக அவர்களிடம் நடந்தாள்.

"அண்ணே, எங்க மச்சானுக்கு ஹார்ட்டு சரியில்ல. வழி வுடுங்க."

ஒருவர் வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். "டேய், எல்லாரும் வந்து புடிங்கடா!" என்றார். மரத்தைப் புரட்டித் தள்ளினார்கள். அவரே காரில் ஏறி, அடுத்த மறியலிலும் வழி வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சோதனைகள் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "கிருமி போயிடுச்சும்மா. ஆனா அத அடிக்கக் கெளம்புன எதிர்ப்பு சக்தி அடங்கல. இதயத் தசையையே கிருமின்னு நெனச்சு அடிக்குது. அதான் வீங்கியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம். உக்கார வெச்சே கூட்டிட்டு வரணும்னு யார் சொன்னது?"

என் பின்னால் நின்றவளை இழுத்து முன்னால் விட்டேன். டாக்டர் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

மாதக்கணக்கில் ஓய்வு எடுத்து அவர் தேறினார். "என் மருமவ தங்கச்சிதான் கண்டுபுடிச்சா" என்று மாமியார் தெரு முழுக்கச் சொன்னார். பெரியவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்லும்போது சிறியவள் ஒருத்தி மட்டும் இல்லை என்று நின்றால், இன்றைக்கும் நான் முதலில் காது கொடுப்பது அவளுக்குத்தான்.