எதிர்வீட்டு அத்தை தூக்கிய பாவு

மழை வரப்போகிற வாசம் மூக்கில் ஏறியதும் என் இரண்டு கைகளும் தாமாக முன்னால் நீண்டுவிடும். நேற்றும் அப்படித்தான். ஃபேர்லேண்ட்ஸில் மகன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சேர்வராயன் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மடியிலிருந்த கீரை சிதற எழுந்து, உள்ளங்கை இரண்டையும் மேல்பார்க்க ஏந்திக்கொண்டு வாசற்படி வரைக்கும் போய் நின்றுவிட்டேன். "கொடியில துணி இல்லீங்க அத்தை, எல்லாம் எடுத்தாச்சு" என்று உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். அவளுக்கு நான் ஒவ்வொரு மழைக்கும் இப்படி எழுந்து ஓடுவது பெரிய வேடிக்கை. வயதானால் துணி நினைப்பு அதிகமாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், நான் எழுவது துணிக்காக இல்லையென்று அவளிடம் விளக்கப் போவதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரத் தெரு. வீட்டுக்கு வீடு தறி. துணியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பேர். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவைத்த பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். அதனால் எங்கள் தெருவில் காலை நேரம் முழுவதும் பாவுக்குத்தான் சொந்தம். வண்டி வராது, மாடு வராது. குழந்தைகளான நாங்கள் மட்டும் அதன் அடியில் குனிந்து குனிந்து ஓடுவோம். தலை பட்டு இழை அறுந்தால், பக்கத்தில் எந்தக் கை இருக்கிறதோ அது முதுகில் விழும். யார் பெற்ற பிள்ளை என்று பார்த்து அடிக்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது.

கஞ்சி ஈரத்தோடு இருக்கிற பாவு மழையில் நனைந்தால் போச்சு. இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அறுந்துபோகும், ஒரு குடும்பத்தின் ஒரு மாதப் பாடு மண்ணாகும். அதற்காகவே எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. தூறல் கண்டதும் யாராவது "பாவு!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அந்த ஒரு சொல் போதும். சோற்றில் கை வைத்தவர் எச்சில் கையோடு ஓடி வருவார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கோவணத்தோடு வருவார். வருஷக்கணக்காக முகம் பார்த்துப் பேசாத பங்காளிகள் பாவின் இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்று, கைகளை நீட்டி ஏந்தி, ஒரே நடையாக உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சாவு விழுந்த வீட்டிலிருந்துகூட வந்து ஏந்தியதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது தீட்டு என்று யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் குரல் கேட்டதும் முதல் ஆளாக வந்து நிற்பவர் எதிர்வீட்டு அத்தை. எங்களுக்கும் அவருக்கும் ரத்த உறவு எதுவும் இல்லை. என் அப்பாவை அவர் "அண்ணா" என்று கூப்பிட்டார், அதனால் எனக்கு அத்தை ஆனார். எங்கள் தெருவில் உறவு முளைப்பது அப்படித்தான், ஒரு சொல்லில். அத்தைக்கு ஆகிருதி பெரிது, குரல் அதைவிடப் பெரிது. "ஏனுங்கண்ணா, ஊட்ல இருக்கீங்களா?" என்று அவர் தன் வாசலிலிருந்து கேட்டால் தெருக்கோடியில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். அவருக்கு எல்லாரும் சாமிதான். பெரியவர்கள் சாமி, பிள்ளைகள் சாமி, கஞ்சிச் சட்டியில் வாய் வைக்கும் ஆடும் சாமி. "அட சாமீ, அதுல வாய வெக்காதீங்க" என்று ஆட்டுக்கும் ங்க போட்டுக் கெஞ்சுவார். அத்தை மகளுக்கு என் வயது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மிட்டாயைக் காக்காய்க் கடி கடித்து வளர்ந்தவர்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியில், உலக நாடுகளின் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்களுக்குச் சண்டை என்றால் அரிசி கிடைக்காது, மண்ணெண்ணெய் கிடைக்காது, எல்லாவற்றுக்கும் மேலே நூல் கிடைக்காது. மில்லிலிருந்து அளந்துதான் நூல் விடுவார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற நூலை வாங்கி வந்து வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுக்கிற பொறுப்பைத் தெருக்காரர்கள் அப்பாவிடம் கொடுத்திருந்தார்கள். அப்பா கொஞ்சம் படித்தவர், அதிர்ந்து பேசாதவர். அவரைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஒரு நாள் காலையில் அப்பா நாமகிரிப்பேட்டைக்கு வண்டி கட்டினார். அங்கே அவருக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் இருந்தார். நானும் வருவேன் என்று அடம் பிடித்தேன், நான் போனால் அத்தை மகளும் வருவாள். அப்பா வழக்கத்துக்கு மாறாக உடனே சரி என்றார். அத்தை மகளுக்குத் தலை வாரி, மடியில் நிலக்கடலை கட்டிக் கொடுத்து, "அண்ணங்கூடத்தான போற, பத்தரமா போயிட்டு வா சாமி" என்று வண்டியில் தூக்கி வைத்தது அத்தைதான். வண்டிக்குள் ஒரு கோணி மூட்டை கிடந்தது. "ரெண்டு பேரும் இது மேல குந்திக்குங்க கண்ணு. ஆராச்சும் கேட்டா தவுடுன்னு சொல்லோணும்" என்றார் அப்பா. மெத்தென்று இருந்தது. வழியெல்லாம் குதித்துக்கொண்டே போனோம். ராசிபுரம் தாண்டும்போது அத்தை மகள் மூட்டையின் தையல் விட்ட இடத்தில் விரலை விட்டு நோண்டி ஒரு படத்தை உருவிவிட்டாள். மில் நூல் கட்டுகளின் மேல் வண்ணப் படம் ஒட்டி வரும், அதைச் சேர்ப்பது எங்கள் தெருப் பெண்பிள்ளைகளின் பைத்தியம். இது மயில் படம், யாரிடமும் இல்லாதது. தவிட்டு மூட்டைக்குள் மயில் எப்படி வந்தது என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. எனக்குக் கிடைக்கவில்லையே என்ற பொறாமையில் ஊர் வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.

திரும்பி வந்த பிறகு அப்பா தெருக்காரர்களிடம், "இந்தத் தடவ மில்லுல இருந்து வரத்தே இல்லீங்க, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தறிகளின் ஓசை ஒவ்வொன்றாக நின்றது. எதிர்வீட்டு மாமா கிணறு வெட்டும் வேலை தேடி ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டார். எங்கள் வீட்டில் அப்போது பசி இல்லை. அதையும் நான் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் படிக்கிறவர்கள் அப்பாவுக்காக ஏதாவது ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். காரணம் ஒன்றும் இல்லை. கிடைத்தது, விற்றார்.

அத்தை மகள் அந்த மயிலை அவர்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அது அத்தை கண்ணில் பட்டது, எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார், அவளும் சொல்லியிருக்கிறாள். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. படத்தைப் பதமாக உரித்து எடுத்து, தெருவைப் பார்த்த கதவில் ஒட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நூலே வராத மாதத்தில் புது மயில் ஏது? பார்த்தவர்கள் நின்று கேட்டார்கள். அத்தை மகள் பெருமையாக எல்லாருக்கும் சொன்னாள்: "மாமா வண்டில, தவுட்டு மூட்டைக்குள்ள இருந்துச்சுங்க!"

நான் தண்ணீர் எடுக்கப் போனால் கிணற்றடியில் பேச்சு நின்றது. "தவுட்டுக்குள்ள மயிலு எப்படீம்மா வந்துச்சு?" என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார், அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அத்தை மகளை அவள் வீட்டு நூலின் மேலேயே உட்காரவைத்து நாமகிரிப்பேட்டைக்குக் கூட்டிப்போயிருக்கிறார் அப்பா. அன்றிலிருந்து எங்கள் கதவைத் திறந்தால் எதிரே மயில் நிற்கும். அப்பா கொல்லைப்புற வழியாகப் போய்வரப் பழகிக்கொண்டார்.

ஐப்பசியில் அப்பா ஒரு பாவு போட்டார். தெருவே தறி ஓட்டாமல் கிடக்கையில் எங்களுக்கு மட்டும் நூல் இருந்தது. உதவிக்கு யாரும் வரவில்லை. நானும் அம்மாவும்தான் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். அத்தை மகள் வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள். தெருவில் என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். "இந்தக் கஞ்சியக் குடிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். நூலுக்குத் தடவுகிற கஞ்சி அது, எண்ணெய் கலந்து கொழகொழவென்று இருக்கும். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து, அறுந்து போகாத ஓர் இழையை முடிந்துகொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு முன்பே மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. முதல் துளி என் கையில் விழுந்தது. அப்பா நிமிர்ந்து, "பாவு!" என்று கத்தினார். கதவுகள் திறந்தன. எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள், வந்து நின்றார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக முகங்கள், எல்லாம் எனக்கு மாமா, சித்தி, பெரியம்மா என்று தெரிந்த முகங்கள். ஒருவர்கூட இறங்கவில்லை. அப்பா இரண்டாம் முறை கத்தியபோது அவர் குரல் உடைந்தது. தெரு நீளப் பாவை மூன்று பேர் எப்படித் தூக்குவது? நாங்கள் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை மண்ணில் புரண்டது. அந்தப் பாவு நனைந்து நாசமாகட்டும், அதோடு இது தீரட்டும் என்று எனக்குள் ஓர் ஆசை எழுந்தது.

அப்போது மயில் ஒட்டிய கதவு திறந்தது. அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் இறங்கி வந்தார். வீதி நடுவில் நின்று, "பாவு!" என்று ஒரு சத்தம் போட்டார். "நூலு ஆருக்கு என்னங்க பண்ணுச்சு? ஏன் பாத்துக்கிட்டு நிக்கறீங்க? புடிங்க சாமி!" அவ்வளவுதான். அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் கைகள் நீண்டன. எங்கள் வீட்டுப் பக்கம் திருப்ப நேரமில்லை. திறந்து கிடந்த கதவு அத்தை வீட்டுக் கதவுதான், அதன் வழியே கொண்டுபோய் அவருடைய வெறும் தறியின் மேல் மடித்துப் போட்டார்கள். தறிக்குழியில் ஒரு கோழி அடை படுத்திருந்தது. அது எழுந்து கத்தியது. தூக்கி வந்தவர்கள் வந்தபடியே போய்விட்டார்கள்.

அப்பா நனைந்துகொண்டு அத்தை வாசலில் நின்றார். "தங்கச்சி..." என்று ஆரம்பித்தார். அத்தை தலையைத் துவட்டியபடி, "மழ உட்டதும் எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். ங்க இருந்தது, மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அண்ணா மட்டும் இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் இல்லை.

அன்று முழுவதும் நான் ஒன்றையே வேண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாவை அப்பா அங்கேயே விட்டுவிட வேண்டும். தறியும் இருக்கிறது, நூலும் வந்து சேர்ந்துவிட்டது, "நீயே நெய்துக்கோ தங்கச்சி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் வெயில் அடித்தது. அப்பா எதிர்வீட்டுக்குப் போனார். பாவைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, மயிலைப் பார்க்காமல், தெருவைக் கடந்து வந்தார். வாசலில் அத்தை மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டையை மன்னித்துவிடுவேன், என் அப்பாதானே. அந்தக் காலையை நினைத்தால் மட்டும் இன்றும் உடம்பெல்லாம் கூசுகிறது.

தை பிறக்கும் முன்பே எதிர்வீட்டுக்காரர்கள் பிழைக்கப் போனார்கள். அத்தை ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வாசலையும் விடவில்லை. அம்மாவிடம் "வாரேனுங்க" என்றார். என் பக்கம் திரும்பி, தலையில் கை வைத்து, "வாரேன் சாமி" என்றார். ஆட்டுக்கும் கொடுத்த அந்தச் சொல்லை என்னிடமிருந்து அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "போயிட்டு வாங்க அத்தை" என்று சொல்ல வாய் திறந்தேன். அப்பா அவருக்கு அண்ணன் இல்லையென்றால் அவர் எனக்கு எப்படி அத்தை? "போயிட்டு வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வண்டி தெருமுனை திரும்பிய பிறகு பார்த்தால், கதவில் மயில் அப்படியே இருந்தது.

நேற்று மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. "உள்ள வாங்க அத்தை, நனையறீங்க" என்று மருமகள் மறுபடி கூப்பிட்டாள். அத்தை, ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அவள் வாயிலிருந்து கேட்கிற சொல்தான். கேட்கும்போதெல்லாம், வேறொருவருக்குச் சேர வேண்டியதை நான் வாங்கி வைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. ஏந்திய கைகளில் மழைத் தண்ணீர் நிறைந்து வழிந்தது. கொட்டிவிட்டு உள்ளே போனேன்.