முதலில் வந்த வண்டி

நான் இப்போது குடியிருக்கும் புந்தோங்கில் பக்கத்து வீட்டு அண்ணன் பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜினைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து அலுத்து வந்த எனக்கு, இன்று எண்ணெய் தரும் செம்பனைக் காடாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடு நினைவுக்கு வந்தது.

அப்பாவின் வண்டி அந்த ரகத்தில் முதன்முதலில் வந்தது; பிறகு வந்த உதிரிச் சாமான் எதுவும் அதற்குப் பொருந்தாததால், வேறு வண்டியின் பிஸ்டன் வளையங்களை வாங்கி ஞாயிறு முழுக்க அரத்தால் ராவிக்கொண்டிருப்பார், அந்தக் கிறீச்சொலியிலேயே நாங்கள் சாப்பிடுவோம், தூங்குவோம்.

"வித்துத் தொலைங்கலா," என்று அம்மா சலித்துக்கொள்வார்.

ஒரு காலை, பாலெடுக்க ரப்பர் மரப் பட்டையை வெட்டும்போது அம்மா மயங்கி விழுந்தார். அத்தை பின்னால் உட்கார்ந்து அம்மாவைத் தாங்கிப் பிடிக்க, அப்பா அதே வண்டியில் தொலைவிலிருந்த பத்து காஜா நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வாசலில் இன்ஜின் நின்றது, பிறகு கிளம்பவேயில்லை.

குணமாகி பஸ்ஸில் திரும்பிய அம்மா, வீட்டு வாசலில் நின்ற வண்டியைப் பார்த்து, "வண்டி எப்படி வந்துச்சு?" என்றார்.

"தள்ளிக்கிட்டே வந்துட்டேன்லா."

அப்பாவின் கொப்புளம் கட்டிய பாதங்களைப் பார்த்ததும் அம்மா அழுதுவிட்டார்.