மணிலாக்காரரின் முன்பற்கள்

அப்போதெல்லாம் ஈப்போவில் ஊமைப் படங்கள்தான். படம் ஓடும்போது திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்க ஒரு குழு இருக்கும். எங்கள் கொட்டகையில் மூன்று பேர். டிரம்பெட் ஊதியவர் மணிலாக்காரர். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர்; மலாயில் அண்ணன் என்ற பொருளில் அவரை 'அபாங்' என்பேன். டிரம் அடித்தவன் ஈப்போச் சீனன், தகரக்கடைக்காரர் மகன். நான் பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகன்; மாதா கோயிலில் பழகிய பிடிலோடு வந்து சேர்ந்தவன். மூவருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய்தான். சண்டைகூட அதில்தான்.

ஜாஸ் என்ற சொல்லையே மணிலாக்காரர் வாயால்தான் கேட்டோம். கப்பலில் வாசித்த காலத்தில் பிடித்துக்கொண்ட மெட்டுகளை ஊதிக் காட்டுவார். நான் தடுமாறுவேன்; சீனத் தோழன் முந்திக்கொண்டு ஓடுவான். அவர் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். போகப்போக ஜனங்கள் எங்களுக்காகவே டிக்கெட் வாங்க ஆரம்பித்தார்கள்.

பீடோரில் ஒரு சீன முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் வாசித்துவிட்டு, மறுநாள் காலை மோட்டார் பஸ்ஸில் திரும்பினோம். தாப்பா தாண்டியதும் எருமை ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். அசந்து தூங்கிக்கொண்டிருந்த மணிலாக்காரரின் வாய் முன்னிருக்கைக் கம்பியில் போய் மோதியது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. சட்டையெல்லாம் ரத்தம். அவரோ மடியிலிருந்த பெட்டியைத் திறந்து, டிரம்பெட் நசுங்கவில்லையே என்று தடவிப் பார்த்தார்.

புண் ஆறியதும் ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. அதோடு அறைக்குள் முடங்கிவிட்டார். பினாங்கிலிருந்து வேறு ஆளை வரச் சொல்லிவிட்டதாகக் கொட்டகை முதலாளி சொன்னார். நாங்கள் இருவரும் அவர் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தோம்.

"அபாங், சும்மா வந்து கூட உக்காருங்க, அது போதும்," என்றேன்.

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஊத முடியாதவன் அங்க எதுக்கு?" என்றார்.

சீனத் தோழனுக்குப் பொறுமை கிடையாது. "நீ வரலன்னா நானும் வரல லா!" என்று டிரம் குச்சிகளைக் கட்டிலில் எறிந்தான்.

அவன் சொன்னால் செய்வான். மணிலாக்காரர் பெருமூச்சு விட்டு, சட்டையை எடுத்து மாட்டினார்.

அன்று மாலைக் காட்சிக்குச் சிரிப்புப் படம். டிரம்பெட் வரவேண்டிய இடத்தில் பிடிலை இழுத்தேன். சத்தம் பத்தவில்லை, பின் பெஞ்சிலிருந்து சீட்டியடித்தார்கள். மணிலாக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் நின்று ஆள் கூப்பிடும் தகரக் குழாய் சுவரோரம் கிடந்தது. அதை வாயில் வைத்து, டிரம்பெட்டின் பங்கைத் தானே பாடினார். வார்த்தை கிடையாது, பா, டூ, வா என்று வெறும் சத்தம். பல் போன இடத்தில் காற்று சீறியது. அதையும் பாட்டிலே சேர்த்துக்கொண்டார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. அவர் நிறுத்தவில்லை. அவர் குரலைத் துரத்திக்கொண்டு என் வில் எங்கெங்கோ போனது. சிரிப்பு மெல்ல அடங்கி, கால்களால் தாளம் போட ஆரம்பித்தார்கள்.

பினாங்கிலிருந்து வந்தவர் ஒரு ஜாவாக்காரர். அவரையும் சேர்த்து நால்வரானோம். அவர் டிரம்பெட்டில் ஒன்று ஊதுவார். மணிலாக்காரர் தகரக் குழாயில் பதில் சொல்வார். இருவரில் யார் முதலில் விட்டுக்கொடுப்பார் என்று எங்களுக்கே தெரியாது.