லாரி சீட்டில் ஆட்டினும் கிளாவரும்

பிரிண்டர் சர்வீஸில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: அடியோடு செத்துப்போன மெஷினைச் சரிசெய்துவிடலாம், உயிரோடு இருந்துகொண்டு உளறுகிற மெஷின்தான் நம் உயிரை வாங்கும். தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்த்தேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த பெண். ஸ்க்ரூ டிரைவரும் மீட்டரும் போட்ட தோள்பையோடு ஊர் ஊராகப் பஸ் ஏறுவேன். திசையன்விளையில் செல்லத்துரை அண்ணாச்சியின் லாரி ஆபீசில் இருந்த பிரிண்டர் மாதிரி வேறெதுவும் என்னைப் படுத்தியதில்லை.

பேர் இருக்க வேண்டிய இடத்தில்

அந்த வட்டாரத்து முருங்கைக்காய் அண்ணாச்சியின் லாரிகளில்தான் மெட்ராஸ் போகும். யாருடைய மூட்டை எத்தனை என்று அச்சடித்த சீட்டு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். அதற்காகத்தான் கம்ப்யூட்டர். அதை வாங்கச் சொல்லி அண்ணாச்சியோடு மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தவள், அங்கே வேலை பார்த்த கிரேஸ். முன்னறையில் அவளும் கம்ப்யூட்டரும் அண்ணாச்சியின் போனும், பின்னறையில் பிரிண்டர்.

நான் போனபோது பிரிண்டர் கடகடவென்று தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டின், கிளாவர், கிரேக்க எழுத்து, பாதிக் கட்டம். நடுவே ஏதோ ஒரு வரி மட்டும் ஒழுங்காக. ஸ்விட்சுகளைச் சரிபார்த்தேன், கேபிள் முனைகளை இறுக்கினேன். நல்லபடியாக அடித்தது. பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன், மறுபடியும் ஆட்டின். வாசலில் லோடு ஏற்றிய லாரி நிற்கிறது. அண்ணாச்சி தாளைக் கிழித்து என் முன்னால் நீட்டினார்.

"லோடு சீட்டு அடிக்கச் சொன்னா இது சீட்டுக்கட்டுல்லா அடிக்குது! எம்மா, ஒங்க கடையில ஆம்பளையாளு யாரும் இல்லியா?"

மடியில் வந்த பிரிண்டர்

எனக்கு வந்த ஆத்திரத்தில், கடையில் விற்பனைக்கு இருந்த புது பிரிண்டரையே கேட்டு வாங்கி, மறுநாள் முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மாட்டினதும் முத்து முத்தாக எழுத்து விழுந்தது. கிரேஸ் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தாள். நான் நிம்மதியாக ஊர் திரும்பி, கடைப் படியில் கால் வைக்கிறேன், போன் அடிக்கிறது. கிரேஸ்தான். அண்ணாச்சி கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பப் போகிறாராம். பழையபடி கையால் எழுத ஆள் பார்த்துவிட்டாராம். கம்ப்யூட்டர் போனால் அவள் வேலையும் போகும். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, புதுசுக்கும் அதே பாஷைதான் தெரியுது."

முதலாளி காட்டிய வழி

இரண்டு பிரிண்டர் ஒரே மாதிரி கெடாது, கோளாறு வேறெங்கோ இருக்கிறது, ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று என் முதலாளியிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பதினைந்து இடத்தில் சர்வீஸ் பாக்கி இருந்தது. என்னைப் பார்த்து அலுத்துக்கொண்டார்.

"வோல்டேஜ் சரியில்லன்னு சொல்லிட்டு வந்துரும்மா, அதுக்கு மேல எந்தக் கஸ்டமரும் வாயத் திறக்கமாட்டான்."

எனக்கு மனசு வரவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பச்சைக் கதவு

பின்னறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "அடிச்சிக்கிட்டே இரு, நிறுத்தாத" என்று கிரேஸிடம் சொல்லிவிட்டேன். காலையில் ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறியதும் உளறல் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடியது. எழுத்து உடனே தெளிந்துவிட்டது! அப்படியானால் கரண்டில்தான் கோளாறோ என்று, மறுபடி கரண்டு வந்ததும் மீட்டரை வைத்தேன். வோல்டேஜ் அசையாமல் நின்றது. எர்த்தும் சரி. எழுத்தும் சரியாகவே வந்துகொண்டிருந்தது.

அப்போது ஜன்னலில் பளிச்சென்று நீல வெளிச்சம். அதே நொடியில் தாளில் கிளாவர். வெளிச்சம் நின்றது, எழுத்து திரும்பியது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் வெல்டிங் பட்டறை. முத்தையா என்பவர் ஒரு பச்சைக் கதவுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடமும் அண்ணாச்சியுடையதுதான். பட்டறைக்குப் போகிற கரண்டு ஒயர் பின்னறைச் சுவரோரமாகப் போகிறது. இரண்டு கேபிளை ஒட்டுப்போட்டு நீட்டிய பிரிண்டர் கேபிளை, யாரோ ஒழுங்காக இருக்கட்டும் என்று அந்த ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நான் முத்தையாவை நிறுத்தச் சொன்னேன், பற்றவைக்கச் சொன்னேன், மறுபடி நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் அவர் கைக்கு ஆடியது. கரண்டு போனபோது எழுத்து தெளிந்ததும் பட்டறை நின்றதால்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"நான் கதவுக்குத்தான பத்தவைக்கேன், ஒங்க மெஷினுக்கு எதுக்கு மூள கலங்குது?"

அண்ணாச்சியின் போன்

கேபிளைப் பிரித்துக் கட்ட அந்தச் சுவரை விட்டால் வேறு இடமில்லை. பிரிண்டரை முன்னறைக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்திலேயே குட்டை கேபிளில் மாட்டினால் போதும். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. மெட்ராஸ் மார்க்கெட்டோடு போனில் பேசும்போது காதுக்குப் பக்கத்தில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றுதான் அவரே அதைப் பின்னறைக்குத் தள்ளினாராம். "இங்கன வைக்கவே கூடாது" என்றார்.

அதுவரை அவர் முன்னால் சத்தமாகப் பேசியே இராத கிரேஸ் எழுந்தாள். "அண்ணாச்சி, ஒரே ஒரு சீட்டு அடிச்சுக் காட்டுதோம். ஒரு எழுத்து தப்பா வந்தாலும் நானே வீட்டுக்குப் போயிருதேன்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் பிரிண்டரைத் தூக்கி வந்து மாட்டினோம். நான் ஓடிப்போய் முத்தையாவைப் பற்றவைக்கச் சொன்னேன். ஜன்னல் முழுக்க நீலம். பிரிண்டர் வரிவரியாக அடித்தது. அத்தனையும் பேர், ஊர், மூட்டை. லோடு ஏற்றிவிட்டுக் காத்திருந்த டிரைவர் எட்டிச் சீட்டைக் கிழித்துக்கொண்டு, அண்ணாச்சியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கிரேஸ் அடுத்த லாரிக்கு அடிக்கத் தொடங்கினாள். போன் மணி அடித்தது. அண்ணாச்சி எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனைத் தூக்கிக் கையில் எடுத்து, ஒயரை இழுத்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தார்.

"நீங்க அடிங்கம்மா, நான் அங்கன போயி பேசிக்கிடுதேன்."

என்னைப் போலப் பிரிண்டரோடு மாரடிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், மெஷினின் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் பக்கத்துக் கடைக்காரருக்கு என்ன தொழில் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.