சிவப்பு நூல் கட்டிய புட்டிகள்

அடிக்கடி நிலம் நடுங்கும் லோட்டா ஊர் அரசுப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். பீக்கர்கள் முட்டை அட்டையில் கவிழ்ந்திருக்கும். புட்டிகள் பழைய கம்பளிக் காலுறைக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு தட்டுக்குக் குறுக்கேயும் தூண்டில் நரம்பு இழுத்துக் கட்டியிருக்கும். ஆசிட்டெல்லாம் தரையில், மணல் பெட்டிக்குள்.

அத்தனையும் எர்சிலியா கத்ரிலேயோவின் கைவேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவள். பத்தொன்பது வயதில் துடைப்பத்தோடு அந்த அறைக்குள் வந்தாள். வந்த வருடமே பெரிய நிலநடுக்கம். அலமாரி சாய்ந்து கொட்டிய ஆசிட்டை அவள்தான் அள்ளினாள். அந்தத் தழும்பு இன்னும் இடது உள்ளங்கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம், எது எதன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதையே அவள் படித்தாள். பிள்ளைகளுக்கு அவள் அத்தை. புதிதாக வந்த ஆசிரியர் பயேசா மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"வியாழக்கிழமை கல்வித்துறைலேர்ந்து வர்றாங்க, எர்சிலியா. இந்தக் கோலத்தப் பாத்தா லேபையே மூடிட்டுப் போயிருவாங்க. இது லேபா, மீன்காரன் குடிசையா?"

"மீன்காரன் குடிசைல ஒண்ணும் உடையாது சார்."

"தெனமுந்தான் தரை ஆடுது. என்ன விழுந்துச்சு?"

"கட்டி வெச்சிருக்கு, விழல."

பயேசாவும் அந்த மண்ணில் பிறந்தவன்தான். தரை ஆடினால் தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல், எத்தனை ரிக்டர் என்று பந்தயம் கட்டுகிற கூட்டம் அது. அந்தத் தெனாவெட்டு அவனுக்கும் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து உயர அலமாரியின் நரம்பையெல்லாம் அவனே வெட்டினான். புட்டிகளை அகர வரிசையில், கண்ணுக்கு நேரே அடுக்கச் சொன்னான். அந்த வரிசைப்படி ஆசிட்டும் பிளீச்சிங் கரைசலும் ஒரே தட்டில் வந்தன.

"அது ரெண்டும் கலந்தா என்ன விஷ வாயு வரும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா சார்?"

"மூடி இறுக்கமாத்தான் இருக்கு. சொன்னதச் செய்ங்க."

மறுநாள் காலை பார்த்தால் வரிசை அச்சடித்த மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும் சிவப்புக் கம்பளி நூல். கண் படாமலிருக்க அந்த ஊரில் கைக்குழந்தையின் மணிக்கட்டில் கட்டுகிற அதே நூல்.

பயேசா விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன எர்சிலியா, புட்டிக்கெல்லாம் திருஷ்டியா?"

"வர்றவங்க கண்ணு எப்படியோ சார். நூல் கட்டுனதத் தொடாதீங்க. எது வேணுமோ எங்கிட்டக் கேளுங்க, எடுத்துத் தரேன்."

புதன்கிழமை, முப்பத்திரண்டு பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது தரை ஆடியது. "அஞ்சு!" என்றான் ஒருத்தன். "அஞ்சே முக்கால்!" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு யாரும் எண் சொல்லவில்லை. கரும்பலகை கழன்று விழுந்தது. உயர அலமாரியின் கதவு திறந்து, புட்டிகள் அகர வரிசை மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்தன.

ஆசிட். பிளீச்சிங். முப்பத்திரண்டு பிள்ளைகள். பயேசாவுக்கு வேறெதுவும் ஓடவில்லை. தள்ளாத குறையாக அத்தனை பேரையும் முற்றத்துக்கு விரட்டினான். எண்ணிப் பார்த்தான், எல்லோரும் இருந்தார்கள். எர்சிலியாவைக் காணோம்.

மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு திரும்ப ஓடினான். அவள் ஈரத் தரையின் நடுவே செருப்புக் காலோடு கண்ணாடிச் சில்லைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வெளிய வாங்க! செத்துருவீங்க!"

"எதுக்கு சார்? வெறும் தண்ணி."

கைக்குட்டையை இறக்கினான். எந்த நெடியும் இல்லை. உடைந்த கழுத்துகளில் சிவப்பு நூல் நனைந்து கிடந்தது. அவள் குனிந்து, மேசைக்கடியில் போட்டிருந்த சாக்கை விலக்கினாள். மணல் பெட்டிக்குள் ஆசிட் புட்டிகள் கம்பளிக் காலுறையோடு நின்றன. அறையின் அந்தக் கோடியில், இன்னொரு பெட்டியில் பிளீச்சிங். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"நீங்க கேட்டது வரிசை. காலி புட்டிக்கா பஞ்சம்? தண்ணி ஊத்தி, பேர் ஒட்டி வரிசையக் குடுத்துட்டேன். நூல் கட்டுனதெல்லாம் வெறும் தண்ணினு எனக்கு அடையாளம்."

இத்தனை நாள் கூடவே இருந்து இவளைப் பார்க்காமல் போனோமே என்று பயேசாவுக்கு வெட்கமாக இருந்தது. முற்றத்தில் பிள்ளைகள் ஆறா, ஆறரையா என்று சண்டையை ஆரம்பித்திருந்தார்கள். முப்பத்திரண்டு குரல்களும் கேட்டன. அவனுக்குக் கண் கலங்கியது.

எர்சிலியா மேலங்கிப் பையிலிருந்து தூண்டில் நரம்புச் சுருளை எடுத்தாள்.

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்களே. எந்த வரிசைல அடுக்கட்டும் சார்?"

பயேசா அவள் பக்கத்தில் மண்டியிட்டு, நரம்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொல்லுங்க அத்தை."