சரிவில் இறங்கிய என் ஆப்பிரிக்கா

பள்ளிக் கண்காட்சிக்கு ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை மாதிரியாகச் செய்வது என்று முடிவானதும் நான் கென்யாவின் டானா ஆற்றைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் சேர்வராயன் மலையையே செய்திருக்கலாம். ஆனால் அதில் ஓர் ஓடை இடம் மாறினால் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கூடத் தப்பைக் கண்டுபிடித்துவிடுவார். ஆப்பிரிக்கா என்றால் ஏற்காட்டில் கேட்க ஆளில்லை. இத்தனை வருடமாகப் புவியியல் ஆசிரியராக நான் காலம் தள்ளுவது இந்தத் துணிச்சலில்தான்.

துணிச்சல் இருந்தாலும் இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது. போன வருடம் நான் செய்த எரிமலை, மேடைத் திரைச்சீலையில் பாதியைத் தின்றுவிட்டது. தலைமையாசிரியையான சிஸ்டர் குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார்: “சார், இந்தத் தடவையும் ஏதாச்சும் ஆச்சுன்னா புவியியலை வேற ஆள்கிட்டக் குடுத்துடறேன். ஆறாங்கிளாஸுக்குக் கூடை பின்னச் சொல்லித்தர ஆள் வேணும்.” நான் ஷூ லேஸ் கட்டினாலே பாதி வழியில் அவிழ்ந்துவிடும்.

பள்ளி முற்றத்தில் செம்மண்ணைக் கொட்டி, இடுப்பு உயரத்துக்கு மலை எழுப்பினேன். உச்சியில் காடு என்று பாசி. அதற்குக் கீழே தேயிலை, பிறகு காப்பி. இன்னும் கீழே மக்காச்சோளத்துக்குப் பதில் கேழ்வரகு நாற்று. ஒரு பேசினைப் புதைத்தால் அணை. அதற்கப்பால் முள்ளும் களிமண் ஆடுகளும் நிற்கும் வறண்ட நிலம், கடைசியில் நீலக் காகிதத்தில் இந்தியப் பெருங்கடல். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வரிசைகளையெல்லாம் மேலிருந்து கீழே நூல் பிடித்த மாதிரி நட்டேன்.

காப்பி நாற்று கொண்டுவந்தவர் கரடியூர் விவசாயி, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஏனுங்க சார், அந்த ஊர்ல இப்படித்தான் நடுவாங்களா?”

“ஆமாங்க.”

“சரிவுக்குக் குறுக்க நட மாட்டாங்களா?”

“அது ஆப்பிரிக்காங்க.”

“அங்க தண்ணி மேல போகுமுங்களா?”

ஆடுகளுக்குக் கொம்பு ஒட்டும் அவசர வேலை எனக்கு நினைவுக்கு வந்தது.

சேலத்திலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற புவியியல் பேராசிரியை என்பதை, அவர் காரிலிருந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். என் உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. குத்துவிளக்கு ஏற்றுவதற்குப் பதில் அவர் பூவாளியால் மலையுச்சியில் மழை பெய்விக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. இரண்டு தூறல் போதும் என்று சொல்ல மறந்து பூவாளியை நீட்டினேன். அவர் ஆசையாக முழுப் பூவாளியையும் கவிழ்த்தார்.

கொண்டை ஊசி வளைவே இல்லாமல் அடிவாரத்துக்கு ரோடு போட்ட மாதிரி, வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கியது. காப்பி சாய்ந்தது. கேழ்வரகு மிதந்தது. அணை செஞ்சேறாய் நிரம்பி வழிந்தது. ஆடுகள் கடலுக்குப் போயின. மிச்ச ஆப்பிரிக்கா பேராசிரியையின் செருப்பில் ஏறியது.

“அணையில இவ்வளவு வண்டல் எப்படி சார் வந்தது?” என்றார்.

நான் “நைல்ல...” என்று ஆரம்பித்து, “இல்ல, காவிரியில...” என்று திருத்தினேன். தண்ணீர் குடிக்கலாம் என்று கையில் எடுத்தது காலிப் பூவாளி.

பின்னாலிருந்து கரடியூர்க்காரரின் குரல் வந்தது. “சரிவு வாக்குல நட்டா மண்ணும் கூடவே வந்துருமுங்கம்மா. குறுக்க நட்டு வரப்புக் கட்டினா நிக்குமுங்க. அந்த ஊர்லயும் நம்ம சார் மாதிரி யாரோ நட்டிருப்பாங்க போல.”

எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியை மட்டும் தலையாட்டினார். டானாவின் மேல்சரிவுகளிலும் மண் அரித்து அணைகளில் சேர்கிறதாம். அதைத் தடுக்க அங்குள்ளவர்களும் குறுக்கேதான் வரப்புக் கட்டுகிறார்களாம். “தப்பா நட்டுக் காட்டினது நல்ல யோசனை,” என்றார் என்னிடம். யோசித்துச் செய்தவனைப் போல நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் நம்பவில்லை. விருந்தினர் காபி குடிக்கப் போனதும் மண்வெட்டியைக் கரடியூர்க்காரரிடம் நீட்டினார். “மத்தியானம் பெத்தவங்க வர்றதுக்குள்ள குறுக்க மாத்திக் குடுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க மண்ணு சுமங்க சார். கூடை அங்க இருக்கு.”

கூடையைச் சுமக்கத்தான் சொன்னார், பின்னச் சொல்லவில்லை. புவியியல் பிழைத்தது என்று புரிந்துகொண்டு தலையில் ஏற்றினேன்.

“மெதுவா வாங்க சார்,” என்றார் கரடியூர்க்காரர். “உங்க ஆப்பிரிக்கா நொம்ப வழுக்குதுங்க.”