பின்சில்லில் பூட்டிய சங்கிலி

அரியரத்தினம் பிறந்தது சாவகச்சேரியில். கிளாக்கராக இருந்தது யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில். எண்பத்தாறில் சிட்னிக்கு வந்து பிளாக்டவுனில் குடியேறி, பரமட்டாவில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் கோப்பு அடுக்கத் தொடங்கி, கணக்குப் பிரிவு வரைக்கும் ஏறினார். மனைவி பெயர் யோகா. ஒரே மகள் துஷ்யந்தி. இதற்குமேல் அந்த மனிதரின் சரித்திரத்தில் எழுத ஒன்றுமில்லை, மிச்சமெல்லாம் வாய்தான்.

'தெரியாது' என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. அது மற்றவர்களுக்கு உண்டானது என்பது அரியரத்தினத்தின் கட்சி. சிட்னிக்கு வந்து இறங்கிய முதல் கிழமையே பிளாக்டவுன் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பட்டணத்துக்குப் போகிற ரயில் எந்த மேடையில் என்று கேட்டாள். அவருக்கே அன்று கிழக்கு மேற்கு பிடிபடவில்லை. ஆனாலும் கையை நீட்டிக் காட்டினார். கிழவி ஏறி, நேர் எதிர்த்திசையில் மலைப்பக்கம் போய்ச் சேர்ந்திருப்பாள். "என்னப்பா, பாவமெல்லே அந்த மனுசி," என்று யோகா கேட்டதற்கு, "அவவும் நாலு இடம் பார்க்கத்தானே வேணும்," என்றார்.

தனக்குத் தெரியாது என்பது உள்ளுக்குள்ளே அவருக்கு நன்றாகவே தெரியும். அந்தச் சொல் தொண்டைவரை வரும். வந்ததும் கச்சேரி ஞாபகமும் கூடவே வரும். அங்கே தெரியாது என்று சொன்ன கிளாக்கரைச் சனம் ஒரு சதத்துக்கும் மதிக்காது, அடுத்த மேசைக்குப் போய்விடும். அதனால் சொல்லை விழுங்கிவிட்டு வேறு எதையாவது எடுத்து விடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஆடி மாதம், சிட்னிப் பக்கத்துக் குளிர்காலத்தில், ஒரு சோதனை வந்தது. லண்டனில் நடந்த ஒரு கலியாண வீட்டில் துஷ்யந்தி ஒரு பெடியனைச் சந்தித்திருந்தாள். ரொறன்ரோவில் இருக்கிறவன். இரண்டு வருடமாகத் தொலைபேசி அட்டை வாங்கி வாங்கியே அவளுடைய சம்பளத்தில் பாதி கரைந்தது. கடைசியில் பெடியனின் தகப்பன் தேவராஜா, முழங்கால் வருத்தக்காரியான மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, பெண்ணையும் பெண் வீட்டையும் பார்க்கத் தனியாக வந்து இறங்கினார். அவர் திரும்பிப் போய் 'ஓம்' என்று சொன்னால் கலியாணம். மூக்கைச் சுளித்தால், தாய் தகப்பன் சொல்லைத் தட்டாத அந்தப் பெடியன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான்.

விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் துஷ்யந்தி தகப்பனைக் குசினிக்குள் கூப்பிட்டாள். "அப்பா, ஒரு கிழமைதான். தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லுங்கோ. நோபடி வில் டை. அந்த அங்கிளோடை மட்டும் கொழுவிப்போடாதேங்கோ, ப்ளீஸ்." அவள் கண் கலங்கியிருந்தது. அரியரத்தினம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மகளுக்காக உயிரையும் கொடுப்பார். வாயை விட்டுக்கொடுப்பதுதான் கஷ்டம்.

சத்தியம் அன்றிரவுச் சாப்பாடு வரைக்கும் நின்றது. தேவராஜா இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "அவுஸ்திரேலியாவிலை என்ன இருக்கு, வெயிலும் ஈயும்தானே. எங்கடை நாட்டிலை பனி எண்டால் கதவு திறக்கேலாது," என்றார். அரியரத்தினம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன், இஞ்சையும் பனி இருக்கு. நாங்கள் வருசா வருசம் போறனாங்கள்."

யோகாவுக்குப் புரையேறியது. அவர்கள் போன ஆகக் குளிரான இடம் பிளாக்டவுன் கடைத்தெருவில் மீன் விற்கிற கடையின் உறை அறை.

"அப்ப போவம்," என்றார் தேவராஜா. துஷ்யந்தி தகப்பனைப் பார்த்த பார்வையில் இடியப்பம் அவருக்கு இறங்கவில்லை.

துஷ்யந்திக்கு அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. மூன்று பேருமாக ஒரு வெள்ளி விடியக் காரில் புறப்பட்டார்கள். யோகா இரண்டு முன்சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, பிள்ளையாரே இந்த மனுசனுடைய வாயைக் கட்டு என்று கும்பிட்டாள். தேசிக்காய் நசுங்கியது. வாய் நசுங்கவில்லை. கான்பராவைத் தாண்டும்வரை பனியில் வாகனம் ஓட்டும் கலையைப் பற்றி அரியரத்தினம் பேசிக்கொண்டே வந்தார். தேவராஜாவும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் "ரொறன்ரோவிலை அதைவிட" என்று தொடங்கினார்.

பனி விழுகிற மலைப் பூங்காவுக்குள் போகிற கார்கள் குளிர்காலத்தில், சில்லு வழுக்காமலிருக்கப் பூட்டுகிற சங்கிலி கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். வழியில் கூமா என்கிற ஊரில் பெற்றோல் செட்டோடு ஒட்டிய கடையில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். கடைக்காரன் பழைய ரயர் ஒன்றைத் தரையில் நிறுத்தி, சங்கிலியை அதன்மேல் வலை போடுகிற மாதிரிப் போட்டான். உட்பக்கக் கொக்கியை முதலில் மாட்டினான், பிறகு வெளிப்பக்கம், கடைசியாக இறப்பர் வளையத்தை இழுத்து இறுக்கினான். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்றான். பிறகு அரியரத்தினத்தின் காரைத் திரும்பிப் பார்த்து, "இனி எந்தச் சில்லில் போடுகிறது என்றால்," என்று தொடங்கினான்.

"தெரியும், தெரியும்," என்றார் அரியரத்தினம்.

"முன்னமும் பூட்டியிருக்கிறீர்களா?"

"வருசா வருசம்."

கடைக்காரன் தோளைக் குலுக்கிவிட்டுக் காசை வாங்கினான். தேவராஜா ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு, மூடிக்கொண்டார்.

ஜின்டபைன் தாண்டி மலை ஏறும்போது ஒரு வளைவில் திடீரென்று எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மரம், வேலி, கல், எல்லாமே. ஐம்பத்தைந்து வயதில் முதன்முதலாகப் பனியைப் பார்க்கிறார் அரியரத்தினம். காரை நிறுத்தி இறங்கி அதை இரண்டு கையாலும் அள்ள வேண்டும்போல இருந்தது. வருசா வருசம் வருகிற மனிதர் அப்படிச் செய்ய முடியுமா? கொட்டாவி விட்டார். பின் இருக்கையில் யோகா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, "கடவுளே, என்ன வடிவு," என்றாள்.

"உது பனியே?" என்றார் தேவராஜா.

சங்கிலி பூட்டும் இடம் என்று பலகை போட்ட திடலில் கார் நின்றது. பனி தூறிக்கொண்டிருந்தது. அரியரத்தினம் சங்கிலிப் பையோடு இறங்கி, ஒரு கணமும் யோசிக்காமல் பின்பக்கம் போனார். இந்த ஒரு விசயத்தில் அவர் கதை விடவில்லை, உண்மையாகவே தெரியும் என்று நினைத்தார். சாவகச்சேரியில் மாமாவின் மொறிஸ் மைனரில் கார் பழகியவர். சேற்றில் புதைந்தால் பின்சில்லுக்குத்தான் தென்னோலை போடுவார்கள். பின்சில்லுதானே காரைத் தள்ளுகிறது. தேவராஜாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அவர் பருத்தித்துறையில் ஏ-நாற்பது சமர்செற் கார் ஓட்டியவர், அதற்கும் பின்சில்லுதான். அவர்களுக்குப் பின்னால் வந்த கார்காரர்கள் எல்லாரும் முன்சில்லில் பூட்டிக்கொண்டிருந்ததை இருவருமே பார்த்தார்கள். "பழக்கமில்லாத ஆக்கள்," என்றார் அரியரத்தினம். "ஓம், பார்க்கத் தெரியுது," என்றார் தேவராஜா. சந்தித்த நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போனது இதில்தான்.

விரல் மரத்து, முழங்கால் நனைந்து, அரை மணித்தியாலத்தில் பூட்டி முடிந்தது. கார் கிறுகிறுவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கியது. அரியரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்தது. மகளின் கலியாணம் சரிவந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார்.

அடுத்த ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது. இவரும் நின்றார். பஸ் புறப்பட்டது. இவர் மிதித்தார். எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. இன்னும் மிதித்தார். காரின் மூக்கு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, வீதியோரத்துப் பனிக்குவியலில் மெத்தென்று போய் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் வரிசையாக ஹோர்ன் அடித்தார்கள். எல்லாரும் இறங்கினார்கள். நல்ல கல்லொன்று எடுத்துச் சில்லுக்கு அண்டை கொடுத்துவிட்டு அரியரத்தினம் மறுபடி ஏறி மிதித்தார். யோகா தள்ளி நின்று, கையில் தேத்தண்ணிப் போத்தலோடு, பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "நான் தேசிக்காய் வைச்ச சில்லுத்தான் சுத்துது. நீங்கள் சங்கிலி போட்டது சும்மா நிக்குது."

தேவராஜா குனிந்து பார்த்தார், அரியரத்தினம் மிதித்தபடியே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உண்மைதான். முன்சில்லு பனியைத் தோண்டிக்கொண்டிருந்தது. பின்சில்லு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நகை போட்டு இருத்திய பிள்ளை மாதிரி, அசையாமல் இருந்தது. அரியரத்தினத்தின் கார் முன்சில்லால் இழுபடுகிற கார். எட்டு வருடமாக ஓட்டுகிறார்.

தொண்டைவரை அந்தச் சொல் வந்தது. மகளின் முகமும் வந்தது. ஆனால் நாய் வால் நாய் வால்தானே. "பின்னுக்குப் போட்டால் பிரேக் நல்லாப் பிடிக்கும். அதுக்குத்தான் போட்டனான்," என்றார்.

தேவராஜாவுக்கு அதோடு பொறுமை போய்விட்டது. "கூமாவிலை அந்த மனுசன் சொல்ல வந்தவன். நீங்கள்தான் வாயைத் திறக்க விடேல்லை."

"நீங்கள் பத்து வருசமாப் பனிக்குள்ளை இருக்கிறியள். பின்னுக்குப் போடேக்கை தலையை ஆட்டிக்கொண்டு நிண்டியள்."

"நான் சங்கிலி பூட்ட வரேல்லை. பொம்பிளை பார்க்க வந்தனான்."

"அப்ப பார்த்தாச்சுத்தானே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அரியரத்தினத்துக்கு உறைத்தது. யோகா கண்ணை மூடிக்கொண்டாள். தேவராஜா தன் கனடா ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, வீதி ஓரமாக இறக்கத்தில் நடக்கத் தொடங்கினார். எங்கே போகிறார் என்று அவருக்கும் தெரியாது. அந்த மலையிலிருந்து ரொறன்ரோவுக்கு பஸ் இல்லை.

பத்துப் பன்னிரண்டு அடி வைத்திருப்பார். வழுக்கி, இரண்டு காலும் மேலே போய், தொப்பென்று இருந்துவிட்டார். அரியரத்தினம் பதறிக்கொண்டு ஓடினார். ஓடினால் சும்மா இருக்குமா பனி? அவரும் சறுக்கிப் போய்ச் சம்பந்தியின் முதுகில் முட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

"அடிபட்டதோ அண்ணை?"

"இல்லை." தேவராஜா தொப்பியைத் தேடினார். அதைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "நான் அங்கை பனிக்குள்ளை கார் ஓடுறேல்லை," என்றார். "பெடியன்தான் ஓடுவான். எனக்குப் பயம். உந்தச் சங்கிலியைக் கூமாவிலைதான் முதல் முதல் கண்டனான். எங்கடை பக்கத்திலை உது ஒருத்தரும் போடுறேல்லை."

வருசா வருசம் வருகிற கதையை அரியரத்தினமும் அப்போது அவிழ்த்திருக்கலாம். அவிழ்க்கவில்லை. ஆனால் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார், இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு காருக்கு வந்தார்கள்.

பின்சில்லுச் சங்கிலியைக் கழற்றி முன்சில்லுக்குக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கொரு சில்லு. உட்பக்கக் கொக்கியை மாட்ட வேண்டுமென்றால் பனியில் மல்லாந்து படுத்துக் கையைச் சில்லுக்குப் பின்னால் விட வேண்டும். அந்தப் பக்கம் தேவராஜாவின் தலை, இந்தப் பக்கம் அரியரத்தினத்தின் தலை, நடுவில் எஞ்சினின் எண்ணெய் மணம். யோகா குடையைப் பிடித்துக்கொண்டு கணவனின் தலைமாட்டில் நின்றாள்.

"அரியரத்தினம்," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கு ஒரு பிள்ளை. அவ்வளவு தூரம் அனுப்பிப்போட்டு நீங்கள் ரெண்டு பேரும் என்ன செய்யப்போறியள்?"

இந்தக் கேள்விக்கு அரியரத்தினத்திடம் பதில் எப்போதோ தயார். ஈமெயில் இருக்கிறது, போன் இருக்கிறது, வருடத்துக்கு நாலு கிழமை லீவு இருக்கிறது, உலகம் சுருங்கிவிட்டது. யோகாவுக்கு இதைப் பத்துத்தடவை சொல்லியிருக்கிறார். இப்போதும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கொக்கி விரலில் குத்திக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வருகிற பிள்ளை செருப்பைக் கழற்றமுதல் "அப்பா" என்று கூப்பிடுகிற சத்தம், எங்கிருந்தோ வந்து காதில் விழுந்தது.

"தெரியாது," என்றார்.

யோகா குடையைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். மனிதருக்குத் தலையில் ஏதும் பட்டுவிட்டதோ என்று பார்த்தாள். தலைக்கு ஒன்றுமில்லை. கண்தான் நனைந்திருந்தது, அது பனியில்லை என்பதும் அவளுக்கு விளங்கியது.

"எனக்கொண்டும் தெரியாது, அண்ணை," என்றார் அரியரத்தினம் மறுபடி.

அந்தப் பக்கம் கொக்கி மாட்டுப்படுகிற சத்தம் கேட்டது. தேவராஜா தொண்டையைச் செருமினார். "தையிலை நாள் பாருங்கோ," என்றார். "கலியாணத்தைச் சிட்னியிலை வைப்பம். பெடியனுக்கு இஞ்சை ஒரு வேலையும் விசாரிச்சுப் பாருங்கோ. நான் அவனோடை கதைக்கிறன். அவன்ரை தாய்க்குக் குளிர் ஒத்துவராது."

ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது துஷ்யந்தி வாசலிலேயே நின்றாள். தேவராஜா குளிக்கப் போகும்வரை பொறுத்திருந்துவிட்டுத் தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பா அங்கை கதை விட்டவரோ?"

"விட்டவர், வழி முழுக்க."

"தெரியாதெண்டு ஒருக்காலும் சொல்லியிருக்க மாட்டார்."

வெளியே அரியரத்தினம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனுக்குச் சங்கிலியை எந்தச் சில்லில் பூட்ட வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிப் படிப்பித்துக்கொண்டிருந்தார். முன்சில்லு, முன்சில்லு என்று அடித்துச் சொன்னார். அந்த மனுசனுடைய வாகனமோ பின்சில்லால் ஓடுகிற பழைய வான். யோகா அவரைச் சாளரத்தால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னவர்," என்றாள். "உன்னைப் பற்றிக் கேட்கேக்கை."